பழைய துப்பாக்கியைப் பாலிஷ் போட்டு விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா? எது விலை நிற்கும், எது நிற்காது?

பாலிஷ் போடாதீர்கள். நிறம் மங்கியிருந்தாலும், அங்கங்கே வெள்ளை தெரிந்தாலும், தொழிற்சாலையில் இரும்புக்கு ஏற்றிய நீலக்கருமைப் பூச்சு (ப்ளூயிங்) அப்படியே இருக்கட்டும். விற்பதற்காகப் புதுப்பித்த துப்பாக்கியைப் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். பாலிஷ் போடும் பஃப் சக்கரம் பட்ட இடத்தில் விளிம்புகள் மழுங்கிவிடும். பெயர், மாடல், தொடர் எண் எல்லாம் கூர்மை போய்த் தேய்ந்தது போலத் தெரியும். திருகு ஓட்டையைச் சுற்றி லேசாகப் பள்ளம் விழும். தோளில் வைக்கும் மரக்கட்டையைத் தேய்த்திருந்தால் அது இரும்பை விடத் தாழ்ந்து நிற்கும். தொழிற்சாலையில் மரத்தைப் பொதுவாக இரும்புக்கு ஒரு இழை மேலாகத்தான் விடுவார்கள். சேகரிப்பாளர் தேடும் மாடலாக இருந்தால், இந்த ஒரு வேலையிலேயே மதிப்பின் பெரும்பங்கு போய்விடும். திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். லேசான மேல்துரு இருந்தால் எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். பேரலின் (குழலின்) உட்புறத்தைப் பிரஷ் போட்டு, துணி வெள்ளையாக வரும்வரை சுத்தம் செய்யுங்கள். திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் எதையும் கழற்றாதீர்கள். சிதைந்த திருகுத்தலையைப் பார்த்ததுமே வாங்குபவருக்கு "உள்ளே என்னென்ன நோண்டினார்களோ" என்ற சந்தேகம் வந்துவிடும். தோல் உறையில் போட்டு வருடக்கணக்கில் வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் இரும்பை அரிக்கும்.

இன்றும் தயாரிப்பில் இருக்கும் சாதாரண பிஸ்டல், ரைஃபிள் எல்லாம் கடையை விட்டு வெளியே வந்ததுமே ஒரு படி இறங்கும். அதன் பிறகு, கவனமாக வைத்திருந்தால், பல வருடம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். அதே மாடல் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதுதான் இதற்கு மேல்வரம்பு. நீங்கள் செலவழித்து மாட்டிய ட்ரிகர், சைட் (குறிபார்க்கும் பாகம்), கட்டை எதற்கும் காசு திரும்பாது. அவற்றைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, முதலில் இருந்த பாகங்களைத் திரும்ப மாட்டுங்கள். அதனால்தான் கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடக்கூடாது. இருட்டில் ஒளிரும் ட்ரிடியம் சைட் இருந்தால் அதன் வயதையும் பாருங்கள்: சுமார் 12 வருடத்தில் ஒளி பாதியாகிவிடும்.

விலை ஏறுவது எப்போது? வரத்து நின்று, பழையதற்கு ஈடாகப் புதியது இல்லாதபோது. வின்செஸ்டர் மாடல் 70 நல்ல உதாரணம். 1936-ல் வந்த ரைஃபிள். 1964-ல் செலவைக் குறைக்க மாற்றியமைத்தார்கள்: தோட்டாவைப் பிடித்து இழுக்கும் பெரிய நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் போயிற்று, கையால் செதுக்கிய பிடிவரிகளுக்குப் பதில் அச்சில் அழுத்தியவை வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை 1964-க்கு முந்தையதற்குத் தனி விலை. கோல்ட் (Colt) நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் 1955-ல் வந்து 2005-ல் நின்றது. நின்றபின் பழையவற்றின் விலை எகிறியது. 2020-ல் அதே பெயரில் துருப்பிடிக்காத எஃகில் மறுபடி வந்தது. சுடுவதற்காக மட்டும் தேடியவர்களுக்கு மாற்று கிடைத்தது. பெட்டியோடு இருக்கும் பழைய நீலநிறப் பைத்தானுக்கு அது மாற்றாகாது. சட்டமும் வரத்தை நிறுத்தலாம். அமெரிக்காவில் 1986 மே 19-க்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவை அத்தனைதான், இனி ஒன்றுகூடச் சேராது. விலை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

"நினைவுப் பதிப்பு" என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வின்செஸ்டர் 1968-ல் விட்ட பஃபலோ பில் நினைவு ரைஃபிள் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. வாங்கியவர்களில் நிறையப் பேர் பெட்டி பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரிடமும் புதிதாகவே இருக்கும் பொருள் எப்படி அரிதாகும்? அதைச் சுட்டுவிட்டாலோ, பெட்டி தொலைந்தாலோ சாதாரண ரைஃபிள் கணக்கில்தான் எடுப்பார்கள்.

ராணுவத் துப்பாக்கிகளில் எண்தான் உயிர். ஜெர்மன் ராணுவ பிஸ்டலான லூகர் பி08-ன் சிறு பாகங்களில் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். ஒரு பாகத்தில் வேறு எண் இருந்தாலே விலை சறுக்கும். மேகசினும் அதே எண்ணாக அமைந்தால் ஏறும். பழைய மவுசர், லீ என்ஃபீல்டு ரைஃபிள்களில் கட்டையை அறுத்து, ஸ்கோப்புக்கு ஓட்டை போட்டு வேட்டைக்கு மாற்றியது ஒரு காலத்து வழக்கம். அறுத்த கட்டைக்கு வேறு கட்டை தேடலாம். பேரல் பொருந்தும் இரும்பு உடலான ரிசீவரில் போட்ட ஓட்டையை மறைக்க முடியாது.

கையில் எடுத்ததும் முதலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு சோதனை. பக்கவாட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாயைப் பாருங்கள்: இரண்டு குழலும் நுனியில் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவே இடைவெளியும் அதில் ஈயப்பூச்சும் இருந்தால் பேரலை அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். குண்டுகள் அதிகம் சிதறாமல் இருக்க நுனியில் வைத்திருந்த குறுக்கம் (சோக்) போய்விட்டது. வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்த்தால் வளையம் போல நிழல் விழுகிறதா? அங்கே பேரல் வீங்கியிருக்கிறது. ரிவால்வரில் சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்து, ஒவ்வொரு அறையும் சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு (ஃபீலர் கேஜ்) விட்டால் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. ரைஃபிளில் வாய்விளிம்பு அடிபட்டிருந்தால் குறி சிதறும். இரும்பை அரிக்கும் பழைய வகை ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பாகம்) உள்ள தோட்டாவைச் சுட்டுவிட்டு வெந்நீரில் கழுவாத பேரலில் உப்பு தங்கி, ஈரம் பிடித்து, புள்ளிப்புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். வெளிப்புறம் பளபளப்பாக இருந்தாலும் அது பாதி விலைத் துப்பாக்கிதான்.

1960-களின் பிற்பகுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த சில பிரவுனிங் துப்பாக்கிகளை வாங்கும்போது, கட்டையின் அடித்தட்டைக் கழற்றித் திருகைப் பாருங்கள். உப்பில் உலர்த்திய வால்நட் மரம் இரும்பை உள்ளிருந்தே அரித்திருக்கும். திருகில் துரு கண்டால், கட்டையை மாற்றும் செலவையும் உள்ளே அரித்த இரும்பையும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

தோட்டா எளிதில் கிடைக்கும் அளவாக இருந்தால் வாங்குபவர் கூட்டம் பெரிது. அதே துப்பாக்கி, குழல் அளவு 12 கேஜ் என்றால் சீக்கிரம் போகும், 16 என்றால் காத்திருக்க வேண்டும். தடை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் விலை தாவும். பேச்சு அடங்கியதும் இறங்கும். அந்த உச்சத்தில் விற்கலாம், வாங்கக்கூடாது.

பெட்டி, கையேடு, தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த இலக்குத்தாள் எதையும் தொலைக்காதீர்கள். பெட்டியின் லேபிளில் உள்ள எண் துப்பாக்கியோடு பொருந்தினால்தான் அந்தப் பெட்டிக்கு மதிப்பு. பழைய கோல்ட்டுக்கு அந்த நிறுவனமே ஆவணக் கடிதம் தருகிறது. பழைய வின்செஸ்டர்கள் பலவற்றின் பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. கட்டணம் கட்டி எழுதிக் கேட்டால், எந்த வடிவில், எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்று சொல்வார்கள். "நிக்கல் முலாம் பிறகு போட்டதா, முதலிலேயே இருந்ததா" என்ற சண்டையை அந்த ஒரு தாள் தீர்த்துவிடும். கைமாற்றுவது உங்கள் இடத்துச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே இருக்கட்டும். பதிவு சரியில்லாத துப்பாக்கியை நேர்மையாக வாங்குபவர் தொடமாட்டார்.