கேரளத்தின் பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் 14 ஏக்கர் இருந்தும் ரயில் சரக்கு முனையத்துக்கு "இடம் போதாது" என்கிறார்களே, ஏன்?

பரப்பளவு போதும், நீளம்தான் போதாது. நீங்கள் சொல்லும் நிலம் கிட்டத்தட்ட சதுரம். மூலைக்கு மூலை இழுத்தாலும் 340 மீட்டர் தாண்டாது. 58 மூடிய வேகன்கள் கொண்ட முழு ரேக் (ஒரு சரக்கு ரயிலின் மொத்த வேகன் வரிசை), எஞ்சினோடு சேர்த்து 700 மீட்டரை நெருங்கும். துண்டு துண்டாகப் பிரித்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தும் அந்த ஷன்டிங்கிலேயே பொழுது போய்விடும், வேகன் தாமதக் கட்டணமும் ஏறும்.

வரைபடத்தை லாரிப் பேட்டைக் கணக்கில் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லாரிக்குச் சதுர நிலம் வசதி. ரயிலுக்குப் பாதையை ஒட்டிய நீண்ட கீற்று நிலம் வேண்டும். முதலில் தண்டவாளத்தை வரையுங்கள், லாரி அப்புறம்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. நில வரைபடத்தில் 750 மீட்டர் நேர்கோடு எங்கே விழுகிறது? அதில் சரிவு 400-க்கு 1-ஐ (400 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) தாண்டினால் ரயில்வே யார்டு விதிக்கு ஒத்துவராது. வாளையார் பக்கம் ஏற்ற இறக்கம் உண்டு, லெவல் எடுக்காமல் (நில உயரத்தை அளக்காமல்) நம்பாதீர்கள்.

2. ஒரு ரேக்கில் 3,500 டன்னுக்கு மேல் வரும். 20 டன் லாரி என்றால் 175 லாரிகளுக்குக் குறையாது. அத்தனையும் தேசிய நெடுஞ்சாலையில் வரிசை கட்டாமல் உள்ளேயே நிற்க இடம் இருக்கிறதா?

ஒன்று மட்டும் கவனம். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கு 1978-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. இயந்திரத்தால் சரக்கு இறக்குவதை வரைபடத்தில் சேர்க்கும் முன்பே தொழிற்சங்கங்களிடம் பேசிவிடுங்கள். அவர்கள் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது.