13கியூ டெலிஷன், ஐஜிஹெச்வி அன்மியூட்டேட்டட்: அப்பாவுக்கு உடனே மருந்து தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 38,000 என்று வந்து, கடைசியில் சிஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஃபிஷ் (குரோமோசோமில் துண்டு போயிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் 13கியூ டெலிஷன், இன்னொன்றில் ஐஜிஹெச்வி அன்மியூட்டேட்டட் என்று இருக்கிறது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். நெட்டில் படித்தால் தூக்கம் வரவில்லை. காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கலாம், டாக்டர் சொன்னதுதான் சரி. புற்றுநோய் என்று தெரிந்தும் சும்மா இருப்பதா என்று எல்லாக் குடும்பமும் கேட்பதுதான். ஆனால் சிஎல்எல்லில் எப்போது மருந்து தொடங்குவது என்பதை மரபணு ரிப்போர்ட் முடிவு செய்வதில்லை, உடம்புதான் முடிவு செய்கிறது: ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, லிம்போசைட் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாவது, மண்ணீரலோ நெறிக்கட்டிகளோ பெரிதாவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் உடை நனைய வியர்ப்பது. 38,000 என்ற எண் மட்டும் காரணமே இல்லை. தொந்தரவு இல்லாதவர்களுக்கே இப்ருடினிப் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு ஒன்று உண்டு (சிஎல்எல்12 என்று பெயர்). நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. பக்கவிளைவுகள் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்தன.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். 13கியூ டெலிஷன் என்றால் 13-வது குரோமோசோமில் ஒரு துண்டு போய்விட்டது என்று அர்த்தம். அது போனால், அணுக்களைச் சாகவிடாத பிசிஎல்2 என்ற புரதத்தை அடக்கி வைக்கும் இரண்டு சின்ன மூலக்கூறுகளும் (மைக்ரோ ஆர்என்ஏ) சேர்ந்து போகும், அதனால் அணுக்கள் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் மெதுவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். இது மட்டும் தனியாக இருந்தால் நல்ல அறிகுறி. தனியாகத்தான் இருக்கிறதா என்பதை ரிப்போர்ட்டில் பாருங்கள், 11-வது, 17-வது குரோமோசோம்களில் துண்டு போகும் 11கியூ, 17பி டெலிஷன்கள் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது ஐஜிஹெச்வி, அதாவது ஆன்டிபாடி மரபணு; அன்மியூட்டேட்டட் என்றால் அது மாறவில்லை என்று அர்த்தம். இந்த விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புவார்கள், ஏனென்றால் இங்கே மியூட்டேஷன் இருப்பதுதான் நல்லது. ஒரு பி அணு (சிஎல்எல் உருவாகும் வெள்ளை அணு வகை) கிருமியைச் சந்தித்துப் பக்குவப்படும்போது அதன் ஆன்டிபாடி மரபணு இயல்பாகவே கொஞ்சம் மாறும். மூல வடிவத்தோடு 98 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்துப்போனால் மாறவில்லை என்று கணக்கு. அப்படி மாறாத அணுக்கள் வளரச் சொல்லும் சிக்னலுக்கு அதிகமாகத் துடிக்கும். ஆக, மாறியவர்களைவிட அப்பாவுக்குச் சிகிச்சை கொஞ்சம் சீக்கிரம் தேவைப்படலாம். நேரம் வரும்போது பழைய கீமோ அவருக்கு நீண்டநாள் பலன் தராது, இப்ருடினிப், அகலாப்ருடினிப் மாதிரி அந்தச் சிக்னலையே வெட்டும் மாத்திரைகளோ, பிசிஎல்2-ஐத் தடுக்கும் வெனிடோக்ளாக்ஸோதான் பொருத்தம்.

நீங்கள் நெட்டில் பார்த்த ஆயுள் கணக்குகள் பெரும்பாலும் ஜெர்மனியின் உல்ம் நகரக் குழு 2000-இல் 325 பேரை வைத்து வெளியிட்ட ஆய்விலிருந்து வருபவை: 17பி டெலிஷன் என்றால் இடைநிலை ஆயுள் 32 மாதம், 13கியூ மட்டும் என்றால் 133 மாதம். யாருக்கு நோய் வேகம், யாருக்கு நிதானம் என்ற வரிசை இன்றும் ஓரளவு செல்லும். மாதக் கணக்கு செல்லாது. நான் சொன்ன மாத்திரைகள் எதுவும் அப்போது கிடையாது, இப்ருடினிப்புக்கு சிஎல்எல்லுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2014-இல்தான். அப்பாவுக்கு அந்த அட்டவணையைக் காட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் டிபி53 என்ற மரபணு பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். கீமோ மருந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தும், அந்தச் சேதத்தைக் கண்டு அணுவைச் சாகச் செய்வது டிபி53, அது கெட்டுப்போயிருந்தால் கீமோ கொடுத்துப் பயனில்லை. 17பி டெலிஷனில் போவது இந்த மரபணுதான். ஆனால் ஃபிஷ் சோதனை துண்டு விழுந்திருந்தால் மட்டுமே காட்டும், மரபணுவுக்குள் இருக்கும் சின்ன எழுத்துப் பிழைகள் அதற்குத் தெரியாது, அதற்கு மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் வேண்டும். 17பி இல்லாமல் டிபி53 மட்டும் கெட்டிருப்பவர்களும் உண்டு. இன்றே ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்குவதற்கு முன் கட்டாயம் எடுங்கள், பின்னால் நோய் திரும்பி வந்து மருந்து மாற்ற நேர்ந்தால் ஃபிஷ்ஷோடு சேர்த்து மறுபடியும் எடுங்கள், ஏனென்றால் இவை காலப்போக்கில் புதிதாக முளைக்கலாம். ஐஜிஹெச்வி அப்படி மாறாது, யார் எழுதிக் கொடுத்தாலும் அதற்கு இரண்டாம் முறை காசு செலவழிக்காமல் பழைய ரிப்போர்ட்டின் நகலைக் கொடுங்கள்.