நடாஷாவுக்கு யார் காரியம் செய்தார்கள்? – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தில் சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றிக் கேட்டால் பதில் வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

2019 ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தை அப்பாவோடு தமிழில் பார்த்தேன். அந்த வரிசையில் அவர் அதற்கு முன் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. கூட வர ஆள் இல்லாததால் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பாதிப் படம் வரை “இவன் யாரு, அவன் யாரு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டோனி ஸ்டார்க், அதாவது அயர்ன்மேன், பேசியதும் “குரல் விஜய் சேதுபதி மாதிரியே இருக்கே” என்றார். அவரேதான்ப்பா என்றேன். கடைசியில் டோனி ஸ்டார்க் சாகும்போது திரும்பிப் பார்த்தால், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சின்னப் பிள்ளைய விட்டுட்டுப் போறானே” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போய்விட்டார். சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை. பதினாறாம் நாளுக்கும் வீட்டு ஆட்கள் நாலு பேர்தான்.

இப்போது டோனியாக நடித்த அதே ராபர்ட் டவுனி வில்லனாகத் திரும்பி வருகிறார் என்று நண்பர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. பணத்துக்காகக் கொன்று பணத்துக்காக எழுப்புகிறார்கள் என்றால், அன்று அப்பா அழுதது எதற்கு? இன்னொன்றும் கேட்க வேண்டும். டோனிக்கு அவ்வளவு பேரைக் கூட்டிச் சடங்கு செய்தவர்கள், அதே படத்தில் சாகும் ‘பிளாக் விடோ’ நடாஷாவுக்கு ஏன் ஒன்றுமே செய்யவில்லை? முன்பெல்லாம் இது எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது அந்தப் படத்தைப் போட்டால் இது மட்டும்தான் உறைக்கிறது.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பணத்துக்காகத்தான் கொல்கிறார்கள். அவர்கள் அதை மறைத்ததும் இல்லை. 1988இல் பேட்மேனின் கூட்டாளி ராபினைக் கொல்லலாமா, விட்டுவிடலாமா என்று டிசி காமிக்ஸ் வாசகர்களிடமே தொலைபேசியில் ஓட்டெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்றவை 5,343 ஓட்டுகள். பிழைக்கட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு ஓட்டில் பையன் போனான். பல வருடம் கழித்து அவனையும் எழுப்பினார்கள். சூப்பர்மேன் 1992இல் செத்து, அடுத்த வருடமே எழுந்து வந்துவிட்டார். டவுனி 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழா மேடையில் டாக்டர் டூம் என்ற வில்லனின் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு நம் சீரியல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நம்மூரில் பாத்திரம் அப்படியே இருக்கும், முகம் மாறும். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போடுவார்கள். அங்கே முகம் இருக்கிறது, பாத்திரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் அப்பா சேர மாட்டார். 2008இலிருந்து இருபத்திரண்டு படங்களை வரிசையாகப் பார்த்தவர்கள் அயர்ன்மேனுக்காக அழுதார்கள். அவருக்கு அவன் யாரென்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு ஒருவன் போகிறான் என்பதுதான். அப்போது அவருக்குப் பக்கத்து இருக்கையில் யார் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டவுனி என்ன வேஷத்தில் திரும்பி வந்தாலும் அந்த அழுகையில் கை வைக்க முடியாது.

சடங்குக்கு வருகிறேன். டோனியின் சடங்கில் எல்லோரும் பேசுவது அந்த ஏரியில் மிதக்கவிட்ட மலர்வளையத்தைப் பற்றி. எனக்கு அதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடம்தான் முக்கியம். டோனியின் நண்பன் ஹேப்பி, டோனியின் சின்ன மகளின் பக்கத்தில் உட்கார்ந்து பசிக்கிறதா, என்ன வேண்டும் என்று கேட்கிறான். “சீஸ்பர்கர்” என்கிறாள். உங்க அப்பாவுக்கும் சீஸ்பர்கர்னா ரொம்பப் பிடிக்கும் என்கிறான், குரல் பாதியில் கம்முகிறது. 2008இல் வந்த முதல் படத்தில், ஆப்கானிஸ்தானில் மூன்று மாதம் சிறைப்பட்டு மீண்ட டோனி ஊருக்கு வந்ததும் கேட்ட சாப்பாடு அது. குழந்தைக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது.

எங்கள் தாத்தா போய் முப்பது வருடம் ஆகிறது. ஆடி அமாவாசைப் படையலில் இன்றும் ஒரு கட்டு பீடி வைக்கிறோம். வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது, வாங்கப் போகிறவன் ஒவ்வொரு வருடமும் கடைக்காரரிடம் விளக்கம் சொல்லிவிட்டு வருகிறான். அந்த சீஸ்பர்கரைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பீடிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது.

நடாஷாவுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. வோர்மிர் என்ற கிரகத்தின் மலையுச்சியிலிருந்து அவள் விழுகிறாள். மற்றவர்கள் திரும்பி வந்து நீர்க்கரையில் கூடி நிற்கிறார்கள். ஹல்க் ஆத்திரம் தாங்காமல் ஒரு பெஞ்சைத் தூக்கி வீசுகிறான். அவ்வளவுதான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர் மார்கஸ் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: டோனி ஊரறிந்த மனிதர், நடாஷா கடைசிவரை மறைந்தே வாழ்ந்தவள், அவளுக்கு ஊர்கூட்டிச் சடங்கு வைப்பது அவள் இயல்புக்குப் பொருந்தாது என்கிற மாதிரி. எனக்கு இது ஒப்பவில்லை. நாதியற்றுச் செத்தவருக்கும் சங்கு ஊத ஒரு ஆள் வருவார். கதையை அடுத்த சண்டைக்கு நகர்த்தும் அவசரத்தில் விட்டுவிட்டார்கள், பிறகு காரணம் தேடினார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடன் பாக்கி அவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ‘பிளாக் விடோ’ 2021 ஜூலையில் வந்தது, உங்கள் அப்பா போன இரண்டாவது மாதம். நீங்கள் அப்போது அதைப் பார்க்கும் நிலையில் இருந்திருக்க மாட்டீர்கள். அதில் பெயர்களெல்லாம் ஓடி முடிந்தபின் தங்கை எலேனா நடாஷாவின் கல்லறைக்கு வருகிறாள். சிறுவயதில் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்ட அந்தச் சீழ்க்கையை அடிக்கிறாள். பதில் சீழ்க்கைக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறாள். எண்ட்கேமின் மூன்று மணி நேரத்தில் நடாஷாவுக்குக் கிடைக்காதது அந்த மௌனத்தில் கிடைத்தது.

ஆனால் உங்களை உறுத்துவது சடங்கு மட்டும்தானா என்று கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது சந்தேகம் வந்தது. டோனியின் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது. மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்து, ஒன்றே ஒன்றில்தான் ஜெயிக்கிறோம் என்கிறார். அந்த ஒன்றில் டோனி சாக வேண்டும். அவன் செத்தான், பிரபஞ்சம் பிழைத்தது. நடாஷாவும் அப்படித்தான், அவள் உயிருக்கு ஈடாக அவர்கள் தேடிப் போன மந்திரக் கல் ஒன்று கிடைத்தது. சூப்பர்ஹீரோ படங்களில் முக்கியமான ஆள் சும்மா சாவதே இல்லை, எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாவான். இதைத் தியாகம் என்கிறோம், கை தட்டுகிறோம். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக வரிசையில் நின்ற வீடுகளில் யாருடைய சாவும் எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை.

இந்த வகைப் படங்களில் அப்படி ஒரு சாவை ஒரே ஒரு படத்தில்தான் நேருக்கு நேர் பார்த்தேன். அதுவும் அவர்கள் கற்பனை செய்தது இல்லை, வந்து விழுந்தது. பிளாக் பேந்தராக நடித்த சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28 அன்று குடல் புற்றுநோயில் இறந்தார். வயது 43. நான்கு வருடமாக நோயை வெளியே சொல்லாமல் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார், இயக்குநர் ரயன் கூக்லருக்கே அதன் விவரம் தெரியாது. வேறு நடிகரைப் போட்டு ஓட்டியிருக்கலாம். இல்லையென்றால் எங்கோ ஒரு போரில் உலகத்தைக் காப்பாற்றி இறந்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், வசூலுக்கு அது நல்லது. 2022இல் வந்த ‘வகாண்டா ஃபாரெவர்’ இரண்டையும் செய்யவில்லை. போஸ்மன் நடித்த வகாண்டா நாட்டு ராஜா தி’சாலா ஏதோ ஒரு நோயில், நம் கண்ணில் படாமல் சாகிறான். நோய்க்குப் பெயர்கூட இல்லை.

படம் தொடங்கும்போது தங்கை ஷூரி ஆய்வுக்கூடத்தில் மருந்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிறாள். உலகத்தின் பெரிய மூளைகளில் ஒன்று அவள். கணினியோடு பேசிக்கொண்டே கைகள் பரபரவென்று ஓடுகின்றன. அம்மா உள்ளே வந்து, அண்ணன் முன்னோர்களிடம் போய்விட்டான் என்கிறாள். அந்தக் கைகள் நின்றுவிடுகின்றன. நம் பழைய இலக்கணத்தில் இறந்தவனைப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயர். கை அற்றுப்போன நிலை, இனிச் செய்ய ஒன்றும் இல்லாத நிலை. பாடத்தில் மனப்பாடம் செய்த சொல். அதன் பொருள் எனக்கு முழுதாகப் பிடிபட்டது அந்தக் காட்சியில்தான்.

பிறகு ஊரே வெள்ளை உடுத்தி, ஆடிப் பாடி அவனை அனுப்புகிறது. ஒரு வருடம் கழித்து அம்மா துக்க உடையை எரித்துவிடலாம், துக்கம் கழியட்டும் என்கிறாள். ஷூரி மாட்டேன் என்கிறாள். அண்ணனைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் துணியை இல்லை, உலகத்தையே எரித்துவிடுவேன் என்கிறாள். நடுவில் சண்டைகள், கடலடி ராஜ்யம் என்று படம் எங்கெங்கோ போகிறது, அதெல்லாம் சுமார்தான். கடைசியில், அம்மாவும் போன பிறகு, ஹைட்டியின் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அந்தத் துணியை எரிக்கிறாள். கூட யாரும் இல்லை. போஸ்மனின் முகம் சத்தமே இல்லாமல் வந்து போகிறது.

அதை நீங்கள் பார்க்கவில்லை என்றால் பாருங்கள். தனியாகப் பாருங்கள். பதினாறாம் நாளில் நாலு பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஷூரிக்கு அந்த நாலு பேரும் இல்லை.

டவுனி வரும் புதுப் படத்துக்கு நான் போவேன். அந்த முகத்தைப் பார்த்ததும் விசில்கூட அடித்துவிடுவேன், இந்த வயதிலும். நீங்கள் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மூன்று மணி நேரப் படம், நம்மூரில் இடைவேளை விட்டிருப்பார்கள். அப்பா என்ன வாங்கிச் சாப்பிட்டார்?