நாலேகால் மணி வேன்

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் சிவதாபுரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குக் கண்ணி கோர்க்கும் வேலை. மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நாலேகாலுக்கு வேனை விட்டு இறங்கியதும் ஆரம்பித்துவிடுவான். பையை வீசுவது, தங்கச்சியைக் கிள்ளுவது, போன் கேட்டுத் தரையில் புரளுவது. அவன் பாட்டி, "கொடுத்துத் தொலை, சத்தம் தாங்கல" என்பார். டீச்சரோ "தங்கமான பையன்" என்கிறார். போன வாரம் கண்ணி வைத்திருந்த தட்டை உதைத்துவிட்டான். எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பும் சாமான். அடித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து பொறுக்கினேன். என்னிடம் மட்டும் ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

செவ்வாய்ப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டிலும் வெள்ளி வேலைதான். கூட்டிய குப்பையைக்கூடச் சலித்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்கள். அதனால் அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று தெரியும்.

டீச்சர் சொன்னதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கையைக் கட்டு, வரிசையில் நில், பேசாதே என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டே இருக்கிறான். தன்னைத்தானே அடக்கும் மூளையின் பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்டும். ஆறு வயதில் இருக்கிற கொஞ்சத்தையும் பள்ளியிலேயே செலவழித்துவிட்டு வருகிறான். கொட்டுவதற்கு அம்மாவை விட்டால் வேறு இடம் ஏது?

என் மகள் அந்த வயதில் அஸ்தம்பட்டியில் ஒரு தள்ளுவண்டி முன்னால் அரை மணி நேரம் அழுதாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காயும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் வாங்கினோம், கையில் கொடுக்கும்போது மேல் தட்டுவடை உடைந்துவிட்டது. இன்னொன்று வாங்கித் தந்தேன். வேண்டாம், அதே தட்டுவடை உடையாமல் வேண்டும்! கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் மதியச் சோறு அப்படியே இருந்தது. பள்ளிக் கழிவறை நாறுகிறது என்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் அழுதது தட்டுவடைக்காக இல்லை.

அதனால் வேன் வந்ததும் எதுவும் கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்பது அந்த நேரத்தில் அவனுக்கு இன்னொரு பரீட்சை. முதலில் பாத்ரூம், தண்ணீர், பிறகு வயிறு நிறைய ஏதாவது. பிஸ்கட் போதாது. பழைய இட்லியை உதிர்த்துத் தாளித்தாலும் சரி, கடலை உருண்டை, வாழைப்பழம் என்றாலும் சரி. அரை மணி நேரம் சும்மா விடுங்கள். வீட்டுப்பாடம் அப்புறம்.

களைப்பு என்பதற்காகக் கிள்ள விடக்கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு, "கிள்ள விடமாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லித் தங்கச்சியைத் தள்ளி உட்கார வையுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம். அழுகிறவன் காதில் நீளமான புத்திமதி ஏறாது. கிள்ளாமல் இருந்த அன்றைக்கு, "தங்கச்சிக்குப் பொம்மையைக் கொடுத்தியே, பார்த்தேன்" என்று அதையே எடுத்துச் சொல்லுங்கள்.

போன் விஷயத்தில் நீங்களும் உங்கள் மாமியாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். ஆறு மணிக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் ஆறு மணிக்குத்தான். நிறுத்தியதும் முதல் சில நாள் அழுகை கூடும். கேட்டதும் கிடைத்தது கிடைக்காவிட்டால் இன்னும் ஓங்கிக் கேட்பான். நாலாம் நாள் பாட்டி மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு அழுதால்தான் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். பாட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்தச் சத்தம் வயதானவர்களுக்குக் கஷ்டம்தான். அந்த நேரம் அவரைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆறு வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். அப்பா பட்டறையிலிருந்து வரட்டும் என்று பத்தரைவரை விழித்திருந்து ஆறரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம்தான். மிச்சக் கடன் மறுநாள் நாலேகாலுக்கு உங்கள் தலையில் விழும். இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் குறையவில்லை, பள்ளியிலும் தொடங்கிவிட்டது, தன்னையே அடித்துக்கொள்கிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடித்ததற்கு, "அம்மா அடிச்சது தப்பு, தட்டை உதைச்சதும் தப்பு" என்று அவனிடம் சொல்லிவிடலாம். நாலு மணிக்கே அந்தத் தட்டைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

சேதாரத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதவே இல்லையே?