கீழ்வீட்டில் அடித்த பூச்சிமருந்து: மேல்வீட்டுக்காரர் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். பத்து நாள்களுக்கு முன் எங்களுக்கு நேர் கீழே உள்ள வீட்டில் மூட்டைப்பூச்சிக்காகத் தனியார் நிறுவனம் ஒன்று மருந்து அடித்தது. அன்றிரவே குளியலறைக் குழாய்கள் செல்லும் இடைவெளி வழியாக நெடி ஏறியது. ஆஸ்துமா உள்ள என் மனைவிக்கு மூச்சுத்திணறல் கூடியது. மூன்று வயது மகனுக்கு வாந்தியும் கண்ணெரிச்சலும் வந்தன. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் இயல்பு என்று வந்திருக்கிறது. அனுமதி பெற்ற மருந்துதான் என்கிறது நிறுவனம். தமக்குச் சம்பந்தமில்லை என்கிறார் வீட்டு உரிமையாளர். வாடகையை நிறுத்திவிட்டு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: இழப்பீடு கேட்கலாம், வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், நீங்களாக வாடகையை நிறுத்தினால் அது வாடகை பாக்கி என்றே பதிவாகும். பிறகு உங்கள் புகாரை விட்டுவிட்டு, உங்களைக் காலி செய்ய வைக்கும் வழக்கைத்தான் எல்லோரும் பேசுவார்கள். வேண்டுமானால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிச் செலுத்துங்கள்.

நிறுவனத்துக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை என்பது பெரிய தடையல்ல. ஒருவருடைய செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நியாயமாக முன்கூட்டியே கருதத்தக்க எவரிடத்தும் அவர் கவனத்துடன் நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்பது, 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அளித்த டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்புக்குப் பின், அந்தச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் நிலைபெற்ற கோட்பாடு. மேல்வீட்டில் குழந்தையோடு ஒரு குடும்பம் இருப்பது பூச்சிமருந்து அடிப்பவருக்குத் தெரியாதது அல்ல. மனைவிக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். பாதிக்கப்பட்டவரின் உடல்நிலை எப்படியோ அப்படியே ஏற்றுக்கொண்டுதான் தவறிழைத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதற்குப் பதில். ஆனால் நோய் கூடியதற்கு உரிய பங்குக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கும்.

"அனுமதி பெற்ற மருந்து" என்ற வாதத்தை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். லேபிளில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட முறையில் பயன்படுத்துவதற்குத்தான் அனுமதி. அமெரிக்காவில் 1990-களில், வயலுக்கு மட்டுமே உரிய மீத்தைல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வீடுகளுக்குள் அடித்ததால் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. 2015 மார்ச்சில் அமெரிக்க விர்ஜின் தீவுகளில் நடந்ததோ உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது: விடுதிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் செலுத்திய மீத்தைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு, மேல்தளத்தில் தங்கியிருந்த நால்வர் குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கியது. வீடுகளுக்குள் அதன் பயன்பாட்டுக்கு அங்கே 1984-லேயே தடை வந்துவிட்டது. அதைச் செலுத்திய நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் நோட்டீஸில் கேட்க வேண்டிய முதல் விஷயம் பணம் அல்ல. மருந்தின் பெயர், கலந்த அளவு, லேபிளின் நகல், பணிச் சீட்டு, அடித்தவரின் உரிமம் ஆகியவை.

இரத்த அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சரிகின்றன. பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்ற வகை, நரம்புகள் சரியாக இயங்க உடலுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் செயல்பாட்டைக் குறைக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது பார்க்கப்படுவதில்லை. பார்த்திருந்தாலும் அதன் இயல்பு வரம்பு மிக அகலமானது என்பதால், ஒருவருக்கு வழக்கமான அளவிலிருந்து கணிசமாகக் குறைந்த பின்பும் அறிக்கை "இயல்பு" என்றே காட்டலாம். மருந்து அந்த வகையைச் சேர்ந்ததானால், இப்போது ஒரு முறையும் சில வாரங்கள் கழித்து ஒரு முறையும் பரிசோதியுங்கள். இரண்டாவது அளவு தெளிவாக உயர்ந்திருந்தால், முதலாவது குறைந்திருந்தது என்று மருத்துவர் சாட்சியம் சொல்ல முடியும். பைரித்ராய்டு என்ற வேறொரு பூச்சிமருந்து வகையானால் இந்தப் பரிசோதனையால் பயனில்லை. அதன் சிதைபொருள்களைச் சிறுநீரில் காண்பதற்கான சில நாள்களும் கடந்துவிட்டன.

நெடி போய்விட்டது என்பதால் சான்று போய்விடவில்லை. நெடி பெரும்பாலும் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமான கரைப்பானுடையது. அது இல்லாமலும் மருந்து இருக்கலாம், அது இருந்தும் மருந்து குறைவாக இருக்கலாம். திறந்த வெளியில் வெயிலும் மழையும் மண்ணின் நுண்ணுயிரிகளும் பூச்சிக்கொல்லியைச் சிதைக்கின்றன; வீட்டுக்குள் அவை இல்லாததால் அது தூசியிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் நெடுநாள் தங்கும். தரையில் விளையாடி, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். எனவே மகனையும் மனைவியையும் வேறிடத்தில் தங்க வைத்து, சுத்தம் செய்வதற்கு முன் தகுதி பெற்ற ஆய்வகத்தாரையே வரவழைத்துக் குழாய் இடைவெளியின் விளிம்பு, படுக்கையறைத் தரை, கீழ்வீட்டிலிருந்து தொலைவில் உள்ள ஓர் அறை ஆகிய மூன்றிலும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்கு அந்த மூன்றாவது மாதிரி கட்டாயம் வேண்டும். நீங்களே எடுத்துக் கொடுத்தால் அதன் நம்பகத்தன்மையைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள்.

வீட்டு உரிமையாளரின் பொறுப்பு அவருக்கு எப்போது தெரிந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. குழாய் இடைவெளியை அடைத்துத் தருமாறு இன்றே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். அதன் பிறகும் அவர் வாளாவிருந்தால், வாடகைக் குறைப்பும் முன்பணத்துடன் முன்கூட்டியே வெளியேறும் உரிமையும் கேட்க வலுவான அடிப்படை கிடைக்கும்.

பிற்காலத்தில் புற்றுநோய் வருமோ என்ற அச்சத்தைக் கோரிக்கையில் சேர்க்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மாலத்தியான், டயசினான் என்ற இரு பூச்சிக்கொல்லிகளையும் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவையாக வகைப்படுத்தியது உண்மை. ஆனால் எந்த மருந்து என்றே தெரியாத நிலையில் அதை எழுதினால், மெய்யான பாதிப்புக்கான கோரிக்கையும் மிகைப்படுத்தலாகத் தோன்றும். மருத்துவச் செலவு, வேறிடத்தில் தங்கிய செலவு, ஆய்வகக் கட்டணம், பட்ட வேதனை ஆகியவற்றைக் கேளுங்கள்.

நிறுவனம் சிறு தொகையுடன் சமாதானத்துக்கு வரக்கூடும். "முழுமையான, இறுதித் தீர்வு" என்ற சொற்கள் உள்ள எந்தத் தாளிலும், குழந்தையின் இரண்டாவது பரிசோதனை முடிவு வரும் முன் கையெழுத்திடாதீர்கள். அதே வேளையில், உங்கள் நாட்டில் வழக்கு தொடுக்க எவ்வளவு காலவரம்பு என்பதை உள்ளூர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.