எந்தப் பிரச்சினையைக் கையில் எடுப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு மாதர் சங்கத்தில் நான் செயலாளர். ஆண்டுக்கு ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்து வேலை செய்வது எங்கள் வழக்கம். எதை எடுப்பது என்று நிர்வாகக் குழுதான் முடிவு செய்யும். இந்த முறை மூன்று வந்து நிற்கின்றன: ஊரணியைத் தூர்வார வைப்பது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள மதுக்கடையை மாற்றச் சொல்வது, மகள்களுக்குச் சொத்தில் பங்கு. மூன்றாவதைச் சொன்னவர் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். “வீட்டு விஷயத்தைப் பொதுவில் இழுக்காதே” என்று மூத்தவர்கள் அடக்கிவிட்டார்கள். கூட்டத்தில் கைதூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் ஊரணிக்கே. எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது சரி?

தேவகோட்டை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஊரணி நல்ல காரியம். ஆனால் அன்று அதற்கு விழுந்ததை ஓட்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பக்கம் பெரிய வீட்டு உள்முற்றத்தில், அதாவது வளவில், கூட்டம் நடந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூணோரம் நாற்காலியில் பெரிய ஆச்சிகள், ஜமுக்காளத்தில் மற்றவர்கள், படியோரம் அதே வீட்டுக்குச் சமைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிறவர்கள். மாமியாரும் மருமகளும் ஒரே சங்கத்தில். கை மேலே போகும் முன் கண் நாற்காலிப் பக்கம் போய்விட்டு வரும். ஊரணிக்குக் கைதூக்கினால் யாருக்கும் யாரோடும் மனஸ்தாபம் வராது. அது ஜெயித்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

பிரிட்டனில் 1915-இல், வேல்ஸின் ஒரு கிராமத்தில் முதல் கிளை தொடங்கிய விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற மாதர் அமைப்பு இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. எந்த உறுப்பினரும் தீர்மானம் எழுதி அனுப்பலாம். வந்தவற்றில் சிலவற்றைச் சலித்தெடுத்து, எது மேலே போக வேண்டும் என்று உறுப்பினர்களையே மறுபடி கேட்கிறார்கள். தேறியதை ஒவ்வொரு கிளையும் உட்கார்ந்து பேசும். பிறகுதான் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு. அங்கே ஆதரித்துப் பேச ஒருவர் இருப்பதுபோல எதிர்த்துப் பேசவும் ஒருவர் இருப்பார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எதிர்ப்பைச் சபையில் வைத்தே கேட்டுவிட்டால் பிறகு அது அடுப்படியில் புகையாது.

இவ்வளவு மெனக்கெடுவது வீணில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் போட்டது 1943-இல். சட்டம் வந்தது 1970-இல். நாலு நிர்வாகிகள் ஒரு சாயங்காலம் பேசி எடுத்த முடிவு அத்தனை காலம் தாங்குமா? நிர்வாகிகள் மாறினால் அதுவும் போய்விடும். கிளை கிளையாகப் பேசி எடுத்ததைத் தூக்கிச் சுமக்க ஆள் இருப்பார்கள்.

“வீட்டு விஷயம்” என்ற சொல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1927-இல் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு முதன்முதலாகக் கூடியது பெண் கல்விக்காக. படிப்பைப் பற்றிப் பேசப் போனவர்கள் குழந்தைத் திருமணத்தில் போய் முட்டினார்கள். கழுத்தில் தாலி ஏறிவிட்ட பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் வரும்? குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சார்தா சட்டத்துக்காக அவர்கள் பாடுபட்டார்கள். 1929-இல் அது நிறைவேறி, பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்றாயிற்று. கல்யாணத்தைவிடப் பெரிய வீட்டு விஷயம் எது?

அந்தப் பெண் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். “மகளுக்கும் சொத்துரிமை வேண்டும்” என்று கோஷம் போட்டால் வேலை நடக்காது, ஏனென்றால் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தார்கள். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்து, வேண்டியதில்லை என்றது. இத்தனையும் இருந்து, நடப்பது என்ன? பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொதுவான வீட்டை விற்கவோ பிரிக்கவோ பேச்சு வரும்போது, அக்கா தங்கைகளை அழைத்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டக்கூட ஆள் இருப்பதில்லை. “சீர் செய்முறைதான் எல்லாம் செய்தாச்சே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால் தீர்மானத்தைச் சின்னதாக, கூர்மையாக எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழக்கறிஞர் தனியே உட்கார்ந்து விளக்க வேண்டும், அதற்குச் சங்கம் ஏற்பாடு செய்யும் என்று எழுதினால் அது கையில் எடுக்கக்கூடிய காரியம். மற்ற இரண்டையும் அப்படியே உலுக்கிப் பாருங்கள். யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், எப்போது கிடைத்தது என்று சொல்லுவோம்? ஊரணிக்கும் மதுக்கடைக்கும் கிளை உள்ள ஊர்களில் கிராம சபை இருக்கிறது. அங்கே தீர்மானம் கொண்டுபோகலாம். கூடவே ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் தூர்வாரியும் தண்ணீர் நிற்காது.

ஓட்டுக்கு மூன்று மூடி போட்ட டப்பா போதும். ஒன்றில் ஊரணி, ஒன்றில் பாட்டில், ஒன்றில் வீடு என்று படம் ஒட்டுங்கள், எழுத்து தெரியாதவரும் போடலாம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. இரண்டாங்கட்டில் ஓர் அறைக்குள் டப்பாக்களை வைத்து, ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டு வரட்டும். எண்ணுவதற்கு உங்கள் சங்கத்தில் இல்லாத ஒருவரை அழையுங்கள்.

மறுபடியும் ஊரணியே ஜெயிக்கலாம். ஜெயித்தால் முழு மனசோடு மண்வெட்டி எடுங்கள். தோற்ற இரண்டையும் எத்தனை கொட்டை விழுந்தது என்பதோடு மினிட் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஆண்டும் கொண்டுவரலாம் என்று அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள். இப்போதைக்கு மூன்று தீர்மானங்களையும் ஒரே தாளில் அச்சடித்துக் கிளைகளுக்கு அனுப்புங்கள். பேச இரண்டு மாதமாவது கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா