மேற்கு வெயில் கொல்லையில் உட்கார ஓர் இடம்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் வீடு. மேற்குப் பக்கம் கொல்லை, 20க்கு 22 அடி. இரண்டடி தோண்டினால் சுக்காம்பாறை. மதியம் இரண்டு மணிக்கு மேல் கால் வைக்க முடியவில்லை. துவைக்கிற கல்லும் அங்கேதான். மொத்தமும் சிமென்ட் போட்டு மேலே தகரம் இறக்கலாம் என்கிறார் மேஸ்திரி. மாமியாரும் பிள்ளைகளும் சாயங்காலம் உட்கார ஓர் இடமும் நாலு செடியும் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: சிமென்ட்டும் வேண்டாம், தகரமும் வேண்டாம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். பின்கட்டு அறையில் தூங்கவே முடியாது. உங்களுடையது ஏறக்குறைய ஒரு சென்ட். தாராளமான இடம்.

முதலில் வெயில் வரும் திசையைப் பாருங்கள். நம் பகுதியில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மே மாதச் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், மரம் வைத்துவிட்டு, கோடையில் நிழலே விழவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். உங்கள் மரம் வடமேற்கில், வாயு மூலையில் இருக்கட்டும்.

என்ன மரம் என்பதைப் பாறைதான் சொல்லும். கடப்பாரை போட்டு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் குழி எடுத்து, சாயங்காலம் தண்ணீர் நிரப்புங்கள். காலையில் வடிந்திருந்தால் ஒட்டு மா வைக்கலாம். காய் பறித்து முடிந்ததும் வருஷா வருஷம் கவாத்து செய்து, பன்னிரண்டு அடிக்கு மேல் விடாதீர்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், மாங்கனி ஊரிலேயே இருந்தாலும் அந்தக் குழியில் மா வேண்டாம். வேர் அழுகிவிடும், வேறிடத்தில் தோண்டிப் பாருங்கள். முருங்கை சீக்கிரம் வளரும்தான். ஆனால் கிளை முறியும், கம்பளிப்பூச்சி விழும். பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு மேலே அது கூடாது.

மரம் நிழல் தர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை பந்தல். நாலு கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கோவைத் தண்டை ஊன்றுங்கள். ஆடியில் விதைக்கும் அவரையும் பீர்க்கனும் கோடைக்கு முன்பே காய்ந்துவிடும். கோவை தண்ணீர் விட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். மேலே மட்டும் படரவிட்டால் ஐந்து மணி வெயில் பக்கவாட்டில் நுழைந்துவிடும். மேற்குப் பக்கம் கொடியைத் தரைவரை தொங்கவிடுங்கள். பந்தலைவிட அந்தத் திரைதான் முக்கியம் என்பேன்.

பந்தலடியில் பத்துக்குப் பத்தடி மட்டும் கல் பாவினால் போதும். கல் பட்டறைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்குமா என்று கேளுங்கள். பாலிஷ் போட்டது மழையில் வழுக்கும், சொரசொரப்பானதாக எடுங்கள். கல்லுக்கு நடுவே மண் இடைவெளி இருக்கட்டும். வாட்டம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், எட்டடிக்கு ஓர் அங்குலம்.

துவைத்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

மாடியில் விழும் மழைத் தண்ணீரையும் வீணாக்காமல் தொட்டியில் பிடியுங்கள். 800 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 740 லிட்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தாலும் போகாது. கொல்லையில் போர் இருந்தால், பரிசோதிக்காமல் பிள்ளைகளைக் குடிக்க விடாதீர்கள். மழைத் தொட்டிக்கு மூடியும் வலையும் கட்டாயம். திறந்து கிடந்தால் பத்து நாளில் கொசு பறக்கும்.

குழியை மே மாதமே எடுத்து ஆறவிட்டு, மழை பிடித்ததும் நடுங்கள். இந்தக் கோடைக்கு மட்டும் கல்தூணில் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள்.